மலை எங்கே போயிற்று?

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பங்கு ஆலயத்தின் நுழைவாயிலருகே ஒரு மரப்பெட்டி வைக்கப்படும். நம்மை விட்டுப் பிரிந்த அன்பர்களின் பெயர்களைத் தாளில் எழுதி அதில் இடுவோம். மாதம் முழுவதும் திருப்பலியில் அப்பெயர்கள் வாசிக்கப்படும். பாட்டன், பாட்டி, தந்தை, தாய், இளமையிலேயே மறைந்த உடன்பிறப்பு என்று வீட்டுக்கு வீடு அப்பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். இராயப்பேட்டையில் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் எங்கள் குடும்பங்களில் சில, ஒரு தாள் போதாமல் இரண்டாம் தாளையும் எடுப்பதுண்டு. அப்பெட்டியைப் பற்றி அதற்கு மேல் நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பரில் நாங்கள் சென்றுவந்த ஒரு சிற்றுலா எண்ண வைத்தது.

எங்கள் அன்பியத்தில் பதினொரு குடும்பங்கள். மறைக்கல்வி பயிலும் பிள்ளைகள், "ஒரு காட்டைப் பார்க்க வேண்டும்" என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தனர். செம்மொழிப் பூங்காவில் கத்தரித்து ஒழுங்கு செய்த செடிகளைத் தவிர வேறு பசுமையை அதிகம் அறியாத பிள்ளைகள் அவர்கள். ஏற்காடும் கொடைக்கானலும் எங்கள் கைக்கு எட்டுவனவல்ல. ஆகவே, காலையில் பரங்கிமலையில் திருத்தூதர் தோமாவின் திருத்தலத்தில் செபித்துவிட்டு, அங்கிருந்து நன்மங்கலம் காப்புக்காட்டிற்குச் சென்று நண்பகல் வரை நடந்து திரும்புவது என்று முடிவாயிற்று. வனத்துறையினரிடம் முன்னதாகவே அனுமதியும் பெற்றுக்கொண்டோம்.

சிறு பிள்ளைகள் மட்டும் ஏழு பேர். அவர்களைக் கவனித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பதால் ஆயாவையும் வேனில் ஏற்றிக்கொண்டோம். எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கித் துடைப்பவர் அவர். எழுபது வயதை ஒட்டியவர். அவரும் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவரே. கூட்டங்களில் வாசற்படியை ஒட்டித் தரையில் அமர்வார். செபமாலையின் மறையுண்மைகளை ஒவ்வொருவராகச் சொல்லும்போது அவரது முறை வந்ததே இல்லை. இருபது ஆண்டுகளாக அவரை 'ஆயா' என்றே அழைத்து வருகிறோம். அந்த அழைப்பில் அன்பு இல்லாமலில்லை. ஆயினும், 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்டவர் எங்களுள் எவருமில்லை என்பதை இதை எழுதுகையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை விடியலில் அண்ணா சாலை வழியே புறப்பட்டோம். சைதாப்பேட்டைப் பாலத்தைக் கடக்கும்போது, எங்களுடன் வந்த ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கிவிட்டார். 1726ஆம் ஆண்டு பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர் தம் சொந்தப் பொருளில் இவ்விடத்தில் அடையாற்றின் குறுக்கே பாலம் ஒன்றைக் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டுகளை அமைத்தவரும் அவரே. போர்த்துகீசியர் 1523ஆம் ஆண்டு எழுப்பிய மலைக்கோயிலுக்குச் செல்லும் அடியார்கள் இன்றும் அப்படிகளில்தான் கால் வைக்கின்றனர். 1986ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அம்மலைக்கு வந்து செபித்ததை எங்களுள் மூத்தவர்கள் இன்றும் கண்முன் காண்பதுபோல் விவரிப்பார்கள்.

மலையுச்சியில் செபம் முடிந்தபின் தெற்கு நோக்கி நின்றோம். விமான நிலையத்தின் ஓடுபாதை ஒருபுறம். எல்லையில்லாமல் விரியும் கட்டடங்கள் மறுபுறம். அவற்றிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு குன்றுகள். "இக்குன்றுகள் யாவும் உடன்பிறப்புகள்" என்றார் ஆசிரியர். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், நாங்கள் செல்லவிருந்த நன்மங்கலம் ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது 'சார்னோக்கைட்' என்னும் ஒரே வகைக் கரும்பாறைதான். இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடையது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பரங்கிமலையில் அதனைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துப் போற்றுகிறது.

அப்பாறைக்கு அப்பெயர் வந்த வரலாறுதான் எங்களுக்குப் புதிது. கல்கத்தா நகரின் தோற்றத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஜோப் சார்னோக் என்னும் கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரி 1690களில் இறந்தார். அவரது கல்லறைக்கான கல் பல்லாவரம் பகுதியிலிருந்து கடல் வழியே கொண்டுசெல்லப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893ஆம் ஆண்டு, தாமஸ் ஹாலந்து என்னும் புவியியல் அறிஞர் அக்கல்லை ஆராய்ந்து, அக்கல்லறைக்குரியவரின் பெயரையே பாறையினத்துக்குச் சூட்டினார். உலகில் இப்பாறை எங்கெங்கு காணப்படுகிறதோ அங்கெல்லாம் இன்று அதே பெயர்தான்.

"நம் ஊர்க் கல்லுக்குக் கல்கத்தாவில் புதைக்கப்பட்டவர் பெயரா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அனைவரும் சிரித்தோம். "அதை உடைத்து எடுத்துக் கப்பலில் ஏற்றியவர்கள் பெயர் என்ன?" என்று அவள் தொடர்ந்தாள். ஆசிரியரிடம் விடையில்லை. பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பழைய கற்காலக் கோடரி ஒன்றைக் கண்டெடுத்த செய்தியை மட்டும் சொன்னார். கண்டெடுத்தவரின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. அக்கோடரியைச் செய்தவரின் பெயரை அறிய வழியே இல்லை. அந்த உரையாடல் அத்துடன் நின்றது. படியிறங்கி வேனில் ஏறினோம்.

கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் என்று மேடவாக்கம் சாலை நெரிசலோடு நீண்டது. சாலையின் நடுவே மெட்ரோ இரயிலுக்கான தூண்கள். இருபுறமும் கம்பிக் கடைகள், டைல்ஸ் கடைகள், அடுக்குமாடி வீடுகளுக்கான விளம்பரப் பலகைகள். இத்தகைய சாலையின் ஓரத்தில் ஒரு காடு இருக்கக்கூடும் என்று எவரும் எதிர்பார்க்க மாட்டார்கள். கட்டடங்கள் சட்டென்று நின்று, வேலியும் அதற்கப்பால் பசுமையும் தென்பட்டபோது பிள்ளைகள் ஆரவாரித்தனர்.

நன்மங்கலம் காப்புக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 320 ஹெக்டேர். வானுயர்ந்த மரங்கள் அடர்ந்த காடன்று அது; நம் கடற்கரைச் சமவெளிக்கே உரிய முட்புதர்க் காடு. களாவும் காரையும் சூரையும் பின்னிக் கிடக்க, இடையிடையே பனையும் ஈச்சையும் தலை நீட்டி நிற்கின்றன. பருவமழை தொடங்கியிருந்ததால் பாறை இடுக்குகளிலெல்லாம் பசும்புல். செம்மண் பாதையில் மயிலின் கால்தடம் பதிந்திருந்ததை எங்களுடன் வந்த வனக் காவலர் காட்டினார். சின்னான்களின் கீச்சொலியும், புதரின் உள்ளிருந்து செம்போத்தின் ஆழ்ந்த குரலும் கேட்டன. ஐந்து நிமிட நடையில் சாலையின் இரைச்சல் அடங்கிப்போயிற்று. ஓரேபு மலைக் குகையின் வாயிலில், புயலும் நிலநடுக்கமும் தீயும் கடந்தபின் மெல்லிய ஒலியில் ஆண்டவரைக் கேட்ட எலியாவின் நினைவு எங்களுள் சிலருக்கு வந்தது. நகரத்து ஆலயத்தில் கண்களை மூடினால் கேட்பது ஆட்டோவின் ஒலிப்பான்தானே!

குன்றின் மறுபக்கம் திரும்பியதும் நின்றுவிட்டோம். காலடியில் மலை வெட்டப்பட்டு ஆழமான பள்ளம் கிடந்தது. செங்குத்தான பாறைச் சுவர்கள். அடியில் பச்சை நிறத்தில் மழைநீர். அது கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. அதன் நீர்நிலையில் மீன்கொத்தி ஒன்று அம்பெனப் பாய்ந்து மீண்டது. வனக் காவலர் எதிர்ச்சுவரில் ஒரு விளிம்பைச் சுட்டினார். தொலைநோக்கியை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தோம். பாறையின் நிறத்தோடு கலந்து ஒரு பெரிய பறவை அசையாமல் அமர்ந்திருந்தது. தலையில் இரு கொம்புகள் போன்ற இறகுக் குஞ்சங்கள். கொம்பன் ஆந்தை! நகரின் பறவை ஆர்வலர்கள் நன்மங்கலத்தைத் தேடி வருவதே இதற்காகத்தான். அது கூடு கட்டுவதில்லை. செங்குத்துப் பாறையின் விளிம்பில் வெறுந்தரையிலேயே முட்டையிட்டு அடைகாக்கும். மனிதன் வெடி வைத்துப் பிளந்த மலையின் காயமே இப்பறவைக்கு வீடாகிவிட்டது.

இறைவனின் ஏற்பாட்டை வியந்தோம். அழிவிலிருந்தும் வாழ்வைத் தோற்றுவிக்கும் அவரது கைவண்ணத்தைப் பற்றி எங்களுள் ஒருவர் பிள்ளைகளுக்கு அழகாக எடுத்துரைத்தார். அத்துடன் திரும்பியிருந்தால், இனிய நினைவுகளோடு வீடு சேர்ந்திருப்போம். இக்கட்டுரையும் ஆந்தையைப் பற்றிய கட்டுரையாகவே முடிந்திருக்கும்.

ஆயா ஆந்தையைப் பார்க்க வரவில்லை. எங்களுக்குப் பின்னால் பாறைச் சுவரின் ஓரமாகக் குந்தியிருந்தார். பாறையின் முகத்தில் மேலிருந்து கீழாக, பாதி வெட்டிய குழாய் போன்று ஒரு பள்ளம் ஓடியது. அதனுள் தம் சுட்டுவிரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். "என்ன ஆயா அது?" என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர்.

"வெடிக்குழி, கண்ணு. கம்பிய ஒருத்தர் புடிச்சுக்குவாங்க, இன்னொருத்தர் சம்மட்டியால அடிப்பாங்க. அடிக்க அடிக்கக் கம்பியத் திருப்பிக்கினே இருக்கணும். ஒரு முழம் எறங்க அரை நாள் ஆவும். அப்புறம் மருந்து வச்சுத் திரி கொளுத்துவாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கம்பி புடிச்சவ நான்தானே?"

பிறகு அவர் தரையில் கிடந்த கல்லொன்றை எடுத்து உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தார். "இதுல முக்கா ஜல்லி நாலு வரும்" என்றார். அரிசியின் தரத்தைப் பார்த்தவுடன் சொல்லும் வணிகரின் உறுதி அக்குரலில் இருந்தது. நாங்கள் அதுவரை அவரிடம் கேட்டிராத குரல் அது.

அந்தப் பாறை நிழலில், பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதிலாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவர் கதை வெளிப்பட்டது. திருமணமாகி வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. கணவர் பல்லாவரத்துக்குத் தெற்கே ஒரு குவாரியில் கல்லுடைத்தார். திருமணச் செலவுக்கு வாங்கிய முன்பணம் கழியும்வரை வேறிடம் போக முடியாது. அது கழிவதற்குள் மழைக்காலம் வரும், வேலை நிற்கும், மீண்டும் முன்பணம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. அச்செய்தி அக்குவாரிக்கு வந்து சேரவில்லை. ஆண்கள் பாறையைப் பிளக்க, பெண்கள் பழைய சைக்கிள் டயரை வளையமாக்கி, அதனுள் கல்லை நிறுத்திச் சிறு சுத்தியலால் ஜல்லியாக உடைப்பார்கள். தாய்மாரின் அருகில் சேலைத் தொட்டிலில் குழந்தைகள். ஒரு லாரி நிறைந்தால்தான் கூலி.

"அந்தத் தூசி இருக்குதே, சோத்துல இருக்கும், தண்ணியில இருக்கும். பால் குடுத்தா கொழந்த வாயில இருக்கும்."

கணவருக்கு முப்பது வயதில் இருமல் தொடங்கியது. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது, இருமல் தீரவில்லை. படிக்கட்டு இரண்டு ஏறினால் மூச்சு நின்று வந்தது. 1986ஆம் ஆண்டு தவக்காலத்தில் இறந்தார். திருத்தந்தை பரங்கிமலைக்கு வந்த அதே ஆண்டு, அதே மாதங்கள்! அங்கிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மலையைச் சூழ்ந்த கூட்டத்தில் கையசைத்து நின்றவர்களில் நாங்களும் இருந்தோம்.

எங்களுடன் வந்திருந்த செவிலியர் ஒருவர் மெல்ல விளக்கினார். பாறையிலுள்ள படிகத் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலுக்குள் சென்று தங்கி அதனைத் தழும்பேறச் செய்துவிடும்; சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர்; அத்தழும்பை ஆற்றும் மருந்து இன்றுவரை இல்லை; அறிகுறிகள் ஒத்திருப்பதால் காசநோய் என்றே பலருக்குத் தவறாக எண்ணப்படுகிறது. ஆயா அதைக் கேட்டுக்கொண்டார். "அதுக்கு அப்பிடி ஒரு பேரு இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் ஆசிரியர், அமைதியை எவ்வாறாயினும் கலைக்க வேண்டும் என்று எண்ணினாரோ என்னவோ, இப்பாறை இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பதை மீண்டும் சொன்னார். ஆயா சிறிது நேரம் யோசித்தார்.

"நாங்க அத பத்துப் பதினஞ்சு வருசத்துல ஒடைச்சு முடிச்சிட்டோமே சார்!"

குன்றின் மேட்டுக்கு ஏறியபோது அவர் மூச்சு வாங்கியது. அவரது கையைப் பிடித்துக்கொள்ள அன்றுதான் எங்களுக்குத் தோன்றிற்று. மேலே நின்று, "நீங்கள் வேலை செய்த மலை இங்கிருந்து தெரிகிறதா?" என்று கேட்டோம். கண்ணுக்குமேல் கையை வைத்து நெடுநேரம் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் கோயில் கோபுரம் ஒன்றையும் அடையாளம் வைத்துக் கணக்கிட்டார். பின்பு சொன்னார்: "அந்த மலை இப்ப இல்லம்மா."

மறைந்திருக்கிறது என்பது அவர் சொல்லின் பொருளன்று. இல்லை, அவ்வளவுதான். அடிவாரம்வரை உடைத்து எடுத்தாயிற்று. குவாரியை ஒட்டிய புறம்போக்கில்தான் அவரது கணவரை அடக்கம் செய்தார்கள். உபதேசியார் ஒருவர் வந்து மந்திரித்தார். நட்டுவைத்த மரச்சிலுவை இரண்டு மழைக்காலம்தான் தாங்கியது. இப்போது அங்கு எது புதைகுழி, எது வீட்டு மனை என்று எவருக்குத் தெரியும்?

பிறகு அவர் தென்கிழக்கே திரும்பி, வரிசை வரிசையாக நின்ற உயர்ந்த குடியிருப்புகளைச் சுட்டினார். "அதோ, அங்கதான் எம் பொண்ணு இருக்குது. பெரும்பாக்கம்." 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்துக்குப்பின், நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே வீடு தரப்பட்டது. கூவம் கரையில் குடியிருந்த அவர் மகளின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. இரண்டு பேருந்து மாறி, மாதம் ஒருமுறை பேரப்பிள்ளைகளைப் பார்த்துவருகிறார் ஆயா. மகளுக்கு வீடு கிடைத்தது. பழைய வேலை போயிற்று.

பெரும்பாக்கம் என்ற பெயர் ஆசிரியரின் முகத்தில் ஏதோ ஒன்றை எழுப்பியது. பாரத நாட்டின் நிலம் முழுவதையும் அளந்த பெரும் நில அளவைக்கு அடிக்கோடு இடப்பட்டது இங்கேதான் என்று அவர் மெல்லிய குரலில் சொன்னார். 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்னும் அதிகாரி, பரங்கிமலையின் அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரையிலான ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை எஃகுச் சங்கிலி கொண்டு 57 நாள்கள் அளந்தார். அந்த ஒரு கோட்டை வைத்தே இமயம்வரை கணக்கிட்டார்கள். வடக்கே பரங்கிமலை எங்கள் கண்ணில் பட்டது, தெற்கே பெரும்பாக்கம். காலையில் நாங்கள் செபித்த இடத்துக்கும் ஆயாவின் மகள் குடியிருக்கும் இடத்துக்கும் இடையே உள்ள தொலைவு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்குலக் கணக்கில் அளக்கப்பட்டுவிட்டது. எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் அதன் வாசற்படிக்கும் இடையே உள்ள தொலைவை அளக்கத்தான் எங்களுக்கு இருபது ஆண்டுகள் போதவில்லை.

கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளியோதரையும் தயிர்சோறும் பலர் கையில் அப்படியே இருந்தன. ஒரு பையன் கேட்டான்: "அந்த மலை எங்கே போச்சு?"

எங்களுக்கு விடை தெரிந்திருந்தது. இராயப்பேட்டையில் பழைய ஓட்டு வீடுகளை இடித்து, கான்கிரீட் கூரை போட்டுக் கட்டத் தொடங்கிய அந்த ஆண்டுகளில்தான் எங்கள் வீடுகளும் எழும்பின. தெருமுனையில் லாரி வந்து ஜல்லியைக் கொட்டிச் செல்லும். சிறுவர்களாயிருந்த நாங்கள் அக்குவியலின்மீது ஏறி விளையாடியிருக்கிறோம். அப்போது அது எங்களுக்கு மலைதான்! அதை உடைத்த கை எது என்று கேட்கத் தோன்றவில்லை. மலை எங்கும் போய்விடவில்லை. எங்கள் கூரைகளில் இருக்கிறது; தளங்களில் இருக்கிறது; அன்பியக் கூட்டத்தில் அவர் அமரும் அந்த வாசற்படியிலும் இருக்கிறது. தம் கையால் உடைத்த கல்லாக இருக்கக்கூடிய தரையைத்தான் அவர் நாள்தோறும் எங்கள் வீடுகளில் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலை எங்கள் கூட்டங்களில் பகுதி பகுதியாக வாசித்திருக்கிறோம். பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் பிரித்துக் கேட்கலாகாது என்பது அதன் மையக் கருத்துகளுள் ஒன்று. அதனை வாசித்தபின் மரக்கன்று நட்டோம். நெகிழிப் பைகளைத் தவிர்க்க உறுதி எடுத்தோம். அவை நல்ல செயல்களே. ஆனால், அவ்விரு கூக்குரல்களையும் ஒருசேரத் தம் வாழ்வில் சுமந்த ஒருவர், அவ்வாசிப்பு முழுவதையும் எங்கள் வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் போதுமே!

காட்டைப் பார்த்து வியப்பதற்கு நமக்கு உரிமை உண்டு. நகர மாந்தருக்கு அத்தகைய இடங்கள் வேண்டும். பிள்ளைகளுக்கு ஆந்தையும் மீன்கொத்தியும் வேண்டும். குவாரி ஓய்ந்ததால் அங்கு மீண்டும் உயிர்கள் தழைத்தன என்பதும் உண்மை. ஆயாவிடம் இதைச் சொன்னபோது, "பறவைக்காவது ஒரு வீடு கெடைச்சுதே, சந்தோசம்தாம்மா" என்றார். அதில் குத்தல் இருந்ததா, இல்லையா என்பது எங்களுக்குப் புலப்படவில்லை. குத்தலுக்கு நாங்கள் தகுதியானவர்களே.

வேன் கிண்டியைக் கடக்கும்போது எங்களுள் ஒரு பெண்மணி ஆயாவின் அருகில் போய் அமர்ந்தார். "ஆயா, உங்கள் கணவர் பெயரை நம் ஆலயத்துப் பெட்டியில் போடுவதுண்டா?" என்று கேட்டார். ஆயா இல்லையெனத் தலையசைத்தார்.

"எனக்கு எழுதத் தெரியாதேம்மா. எழுதிக் குடுன்னு யாரையாவது கேக்கலாம்னு வருசா வருசம் நெனப்பேன். நீங்கள்லாம் வேலையா இருப்பீங்க."

அவர் பணிசெய்யும் நான்கு வீடுகளிலும் பட்டதாரிகள் இருக்கிறோம். மறைக்கல்வி ஆசிரியர் இருக்கிறார். எழுதுகோலுக்கும் தாளுக்கும் பஞ்சமில்லை. முப்பத்தெட்டு நவம்பர் மாதங்கள் ஒரு பெயர் எழுதப்படாமலேயே கடந்துபோயிருக்கிறது. அவற்றுள் இருபது, எங்கள் கண்ணெதிரே கடந்தவை.

வேனிலேயே அப்பெயரைக் கேட்டு எழுதினோம். அவரது பெயரையும் அன்றுதான் கேட்டறிந்தோம். அவ்விரு பெயர்களையும் இங்கே அச்சிடவில்லை. அவை இதழில் வருவதற்காகச் சொல்லப்பட்டவையல்ல. எழுதி முடித்து மடிக்கப்போனபோது ஆயா கையைப் பிடித்து நிறுத்தினார். "இன்னும் இருக்குதும்மா" என்றார். குவாரியில் உடன் வேலை செய்து, இருமி இருமிச் செத்தவர்கள். சரிந்த பாறையின் கீழ் அகப்பட்டவர்கள். காய்ச்சலில் போன ஒரு தொட்டில் குழந்தை. ஒவ்வொருவராக நினைவுகூர்ந்து சொன்னார். சிலருக்குப் பட்டப்பெயர் மட்டுமே நினைவிலிருந்தது, அதையும் எழுதிக்கொண்டோம். அவர்களுள் நம் மறையைச் சாராதவர்களும் இருந்தனர். பங்குத்தந்தையிடம் இதைச் சொன்னபோது, "எல்லாப் பெயரையும் போடுங்கள்" என்றார்.

மறுவாரம் அப்பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஆயா வழக்கம்போல் ஆலயத்தின் கடைசி வரிசையில் தூணோரம் அமர்ந்திருந்தார். ஒவ்வொரு பெயரும் வரும்போது விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டோம். டிசம்பர் மாத அன்பியக் கூட்டம் அவர் பேரனோடு குடியிருக்கும் ஒற்றை அறையில் நடந்தது. இடம் போதாமல் எங்களுள் பாதிப்பேர் வாசற்படியிலும் படிக்கட்டிலும் அமர்ந்தோம். செபமாலையின் முதல் மறையுண்மையை அவர் சொன்னார். நடுவே இருமல் வந்து நிறுத்தினார். அவ்விருமலைக் காட்டி மருத்துவம் பார்க்க அவரை அழைத்துச்செல்லும் பொறுப்பை எங்கள் செவிலியர் ஏற்றிருக்கிறார். அதன் முடிவு என்னவாகும் என்ற அச்சம் எங்களுக்கு இருக்கிறது. காலம் கடந்து செய்யும் நன்மை, கடந்த காலத்தைத் திருப்பித் தராது என்பதையும் அறிவோம்.

அன்று வேனில் எழுதிய தாளில் மொத்தம் பதினான்கு பெயர்கள் இருந்தன. பெட்டியின் வாய் சிறியது. தாளை நான்காக மடித்து, ஆயாவின் கையில் கொடுத்தோம். அவரே அதனை உள்ளே இட்டார்.